புதன்கிழமை மணி

வேதமாணிக்கத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், என் வீட்டுப் புறவாசலில். கோர்ட்டிலும் இதையேதான் சொன்னேன். ஒரு முறை சொன்னதை மாற்றிச் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மணிக்கூண்டில் பதித்திருக்கிற கல்லில் யார் பெயர் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், தம்பி. இல்லாவிட்டால் நான் இதைப் பேசுகிறவன் அல்ல. அதிகம் பேசுகிறவனே அல்ல. கரண்ட் வர நேரமாகும். ஏணியில் நிற்காமல் இப்படிப் படியில் வந்து உட்காருங்கள். உங்கள் ஒலிபெருக்கி எங்கும் போகாது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

வேதமாணிக்கம் எனக்கு மச்சான். என் மனைவி ஞானப்பூவுக்கு அண்ணன். அதோடு என் கூடப்பிறந்த தங்கை கனகமணியை அவருக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. நான் கீழத்தெரு, அவர் மேலத்தெரு. இரண்டு தெருவுக்கும் நடுவில் இந்தக் கோயில்.

அன்றைக்கு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். காற்று தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக் கண்ணில் அடிக்கிறது. அவர் தெரு வழியாக வரவில்லை. தெரு வழியாக வந்தால் எங்கள் பையன்கள் கல்லெறிவார்கள். உடைமுள் காட்டுக்குள் புகுந்து புறவாசலுக்கு வந்து நின்றார். வேட்டியெல்லாம் முள் கிழித்திருந்தது. நெற்றியில் முந்தின வாரத்துக் கல்லடிக்குப் போட்ட பிளாஸ்திரி.

"மாப்ள, உள்ள வரல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன்."

"சொல்லுங்க மச்சான்."

"இன்ஸ்பெக்டரப் பாத்துட்டு வாரேன். கதவத் தொடப்பிடாது, ரெண்டு தெருவுக்கும் தெரிஞ்சிருக்கணும், சாயங்கால மணி மட்டும் அடிச்சிக்கிடுங்கன்னு சொல்லிட்டாரு. அடிச்சிட்டு, படியில இருந்து ஜெபம் பண்ணிட்டு, கலஞ்சிரணும். எங்க தெருவுல நான் சொல்லியாச்சு. உங்க தெருவுல நீ சொல்லிரு. நான் வந்து சொன்னா எவன் கேப்பான்? இன்னைக்கு ஆறு மணிக்கு அடிக்கப் போறேன்."

"இன்னைக்கேவா? இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. புதன்கிழமை."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஒரு விசேஷமும் இல்லாத நாளாப் பாத்துத்தான் மாப்ள ஆரம்பிக்கணும். விசேஷ நாளுக்குத்தான் போலீசே வந்து கதவத் திறந்து வுடுதானே. சொல்லிருவியா?"

"சொல்லிருதேன்."

அவ்வளவுதான். திரும்பிப் போனார். முள்ளை ஒதுக்கிக்கொண்டு போனார். அதுதான் கடைசி.

உங்களுக்கு இந்த ஊர்ச் சங்கதி தெரியாது. கோயிலுக்கு ஏன் போலீஸ் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எல்லாம் நட்சத்திரத்தில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் விடியற்காலையில் இரண்டு தெருவும் மூங்கிலில் நட்சத்திரம் கட்டித் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடி வரும். கோயில் வாசலுக்குள் எந்தத் தெரு நட்சத்திரம் முதலில் நுழைவது என்று ஒரு முறை உண்டு. ஒரு வருஷம் அவர்கள், ஒரு வருஷம் நாங்கள். அந்த வருஷம் நாங்கள். அவர்கள் தங்கள் வருஷம் என்றார்கள். நாங்கள்தான். இதில் சந்தேகமே இல்லை தம்பி, இன்றைக்கும் எந்தச் சபையில் வேண்டுமானாலும் நின்று சொல்லுவேன்.

இரண்டு நட்சத்திரமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தன. இரண்டும் பெரியவை. வாசல் சின்னது. ஒருத்தர் விலகினால் போதும். யார் விலகுவது? உள்ளே குருவானவர் அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார். வெளியே முதலில் காகிதம் கிழிந்தது, அப்புறம் மூங்கில் உடைந்தது, உடைந்த மூங்கிலை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவுக்குப் பெரிய மனுஷர் ஜெயசிங். அவர் தம்பிக்கு ஒரு கண் போனது. மூங்கில் சிம்பு உள்ளே போய் நின்றது. அதைப் பிடுங்க விடாமல் தம்பிக்காரர் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நட்சத்திரத்துக்குள் இருந்த பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை.

அதற்குப் பிறகு நிற்குமா? மேலத்தெரு வாழைத் தோட்டத்தை ஒரே ராத்திரியில் சாய்த்தார்கள் எங்கள் பையன்கள். குலை தள்ளுகிற மரங்கள். அவர்கள் பதிலுக்கு எங்கள் ஜெயசிங் வீட்டு உழவு மாட்டின் பின்னங்கால் நரம்பை அறுத்தார்கள். மாடு எழுந்திருக்க முடியாமல் முன்னங்காலால் தன்னை இழுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றியது. வாயில்லாத பிராணியை அப்படிச் செய்யலாமா? அதுதான் மேலத்தெரு புத்தி. நாங்கள் மரத்தோடு நிறுத்தினோம். வெடி போட்டது அப்புறம். அதில் யாரும் சாகவில்லை, ஒரு பையனுக்குக் கை போனது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தடவையும் மணிதான். அடிபட்ட தெருக்காரன் எவனாவது ஓடிப்போய் மணிக்கூண்டுக்குள் புகுந்து கயிற்றைப் பிடித்து இழுப்பான். மணி கேட்டால் அருவாளை எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம். பழைய காலத்தில் சாயங்கால ஜெபத்துக்கு அடிப்பார்களாம், அடித்தார்கள்தான், நானே கேட்டிருக்கிறேன். ஆனால் பழக்கம் மாறிப்போயிற்று. கடைசியில் தாசில்தார் வந்து கோயிலைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார். மணிக் கயிற்றைக் கைக்கு எட்டாமல் மேலே சுருட்டிக் கட்டினார்கள். கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர், இந்த நாட்களில் மட்டும் போலீஸ் பாதுகாப்போடு திறப்பது என்று உத்தரவு.

திறந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் ஒரு பண்டிகையையும் விடவில்லை. பெரிய வெள்ளிக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. ஈஸ்டருக்குப் புதுத் துணி இல்லாத பிள்ளையைப் பார்க்க முடியாது. துப்பாக்கி வைத்த போலீஸ் நடுவில் நிற்க, இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் ஒரு தெரு. பாட்டில்கூட அவர்கள் சத்தத்தை நாங்கள் அமுக்கிவிடுவோம். வெளியூரில் இப்படி விசுவாசம் கிடையாது தம்பி. அங்கெல்லாம் பிரச்சினை வந்தால் சபையை விட்டே போய்விடுவார்கள்.

மற்ற நாள் பூட்டுதான். அதனால் என்ன? வயல் வேலை இருக்கிறது, கடை இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மச்சான் ஒருத்தர்தான் நினைத்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்து இதோ இந்தப் படியில் முழங்கால் போடுவார். பூட்டின கதவுக்கு முன்னால். ஒரு கீர்த்தனை பாடுவார், குரல் ஒன்றும் பிரமாதமில்லை, ஜெபம் பண்ணுவார், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போவார். மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு. எங்கள் பையன்கள் அந்தக் குட்டிச்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"என்னவே, ஆண்டவருக்கு ஹாஜர் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. உங்க பேரையும் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்பார்.

"எங்க பேர ஏம்வே சொல்லுதீரு? ஆப்சென்ட் போடவா?"

"லீவுன்னு சொல்லியிருக்கேன்."

அவருக்கு நாக்கு அப்படி. அந்த நாக்குதான் கல்லடி வாங்கிக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். சும்மா போயிருந்தால் அவர்களும் சும்மா இருந்திருப்பார்கள். நான் சொன்ன அந்தப் பிளாஸ்திரிக்குப் பல மாதம் முன்னாலேயே ஒரு நாள் ஜெபத்தின் நடுவில் கல் நெற்றியில் பட்டது. ரத்தம் மூக்கு வழியாக வழிந்து படியில் சொட்டுகிறது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்திக்கொண்டு ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கோபம் வந்தது. இத்தனை பிடிவாதம் ஒரு மனுஷனுக்கு ஆகுமா?

அதைப் பார்த்துவிட்டு ஞானப்பூவும் போக ஆரம்பித்தாள். அண்ணனுக்குத் துணைக்கு என்றாள். கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள் மேலத்தெருக்காரனோடு படியில் முழங்கால் போட்டால் என் முகம் என்ன ஆவது? டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். நான் அதிகம் பேசாதவன், அவளிடம் ஒரு தடவை சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் கை நீட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள் அடி கொஞ்சம் பலமாக விழுந்து காது கிழிந்துவிட்டது. தோடு போட்டிருந்ததால் கிழிந்தது, இல்லாவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்குப் பிறகு அவள் படிக்குப் போகவில்லை. அந்த நேரத்துக்கு வீட்டு வாசலில் நின்று கோயிலைப் பார்த்து ஜெபம் பண்ணிக்கொள்வாள். அதை நான் தடுக்கவில்லை. வீட்டுக்குள் யார் எதைச் செய்தால் என்ன?

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

மச்சான் போனதும் நான் சாப்பிட்டுவிட்டு நேராக ஜெயசிங் வீட்டுக்குத்தான் போனேன். சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். போகாமல் இருக்கவில்லை. அங்கே தெருவின் முக்கியமான ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு எந்தத் தெரு நட்சத்திரம் முதலில் நுழைவது என்று கோர்ட்டில் போட்டிருந்த வழக்கைப் பற்றிப் பேச்சு. ஆடியிலேயே பேச ஆரம்பித்துவிடுவோம். ஜெயசிங்கின் மகன் ஆல்பர்ட் தரையில் உட்கார்ந்து மூங்கில் அளவு சொல்லிக்கொண்டிருந்தான். போலீஸ் லாரியை விட உயரமாக வேண்டுமாம்.

என்னைப் பார்த்ததும் அவன், "வாங்க மாமா. ரெண்டு தெருவுக்கும் மருமவன் வந்தாச்சு" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உம்ம வீட்டு அத்தை வாசல்ல நின்னு ஜெபம் பண்ணுதாவளாம். தபாலா போடுதாவ, மேலத்தெருவுக்கு?"

மறுபடி சிரிப்பு. ஜெயசிங் மட்டும் சிரிக்கவில்லை. "ஏல, சும்மா இரி" என்று மகனை அதட்டிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன துரப்பழம், ஏதும் சேதியா?" என்றார்.

அந்த நேரத்தில் நான் எப்படிச் சொல்ல முடியும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். மச்சான் என் புறவாசலுக்கு வந்தார், பேசினார், சேதி கொடுத்தனுப்பினார் என்று அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொன்னால் என்னை என்ன நினைப்பார்கள்? "ஒண்ணுமில்ல மொதலாளி, சும்மா வந்தேன்" என்றேன். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். காப்பி வந்தது. பேச்சு போய்க்கொண்டே இருந்தது. மூங்கில், காகிதம், வக்கீல், மறுபடி மூங்கில். நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கவில்லை. ஒருத்தராவது என்னைப் பார்த்து மேலத்தெருவில் என்ன விசேஷம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் தெரியப்படுத்தச் சொன்னது மச்சானிடம். தெரியப்படுத்த வேண்டியது அவர் பொறுப்பு. அவர் தன் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்ய?

ஆறு மணிக்கு மணி அடித்தது.

எப்படி அடித்தது தெரியுமா? நிதானமாக. ஒரு அடி, கொஞ்சம் விட்டு ஒரு அடி. சண்டைக்கு அடிக்கிற மாதிரி படபடவென்று இல்லை. பிற்பாடு யோசிக்கும்போது அது தெரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் யார் கவனித்தார்கள்? புதன்கிழமை. ஆடி மாதம். கிறிஸ்துமஸும் இல்லை, ஈஸ்டரும் இல்லை. பண்டிகை இல்லாத நாளில் கோயில் மணி அடித்தால் என்ன அர்த்தம்? ஒரே அர்த்தம்தான்.

"பூட்ட ஒடச்சிட்டானுவ" என்றான் ஆல்பர்ட்.

அவ்வளவுதான் சொன்னான். சத்தம்கூடப் போடவில்லை. மூங்கிலை அளந்த அதே கையை நீட்டிக் கட்டிலுக்கு அடியில் இருந்து அருவாளை எடுத்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். பெண்கள் மிளகாய்ப் பொடியை முந்தியில் முடிந்துகொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் அவரவர் வேலை தெரியும், அந்த அளவுக்குப் பழகியிருந்தோம். நானும் ஓடினேன். தெருவே ஓடும்போது ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருக்க முடியுமா? என் கையில் இருந்தது கம்பு. பாம்படிக்க வைத்திருந்த கம்பு, வேறொன்றும் இல்லை.

மணிக்கூண்டில், சுருட்டிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவர் ஒருத்தர்தான் நின்றார். பக்கத்தில் கனகமணி பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு. கோயில் கதவில் அரக்கு அப்படியே இருந்தது. அதை நான் பார்த்தேன். மற்றவர்கள் பார்த்தார்களோ என்னவோ.

நாங்கள் மொத்தமாக வாசலுக்குள் நுழைந்ததும் அவர் திரும்பினார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? கயிற்றை விடாமலே ஒரு கையைத் தூக்கி, "வா மாப்ள. எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டியே" என்றார்.

என்ன தம்பி? இல்லை, அது பார்த்ததில் சேராது. கூட்டத்தில், ஓட்டத்தில், காற்றில் கண்ணில் மண். அதைப் போய்ப் பார்த்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? நின்று பேசினது, நிதானமாகப் பார்த்தது மத்தியானம்தான். வக்கீலும் அதைத்தான் சொன்னார்.

முதல் வெட்டு அந்தத் தூக்கின கையில் விழுந்தது. ஆல்பர்ட்தான். மணிக்கட்டுக்கு மேலே. கை அப்படியே தோலில் தொங்கிற்று. அவர் அதைப் பார்த்தார், யாருடைய கையையோ பார்ப்பது போல. அப்புறம் தோளில். அப்புறம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். விழும்போது அவர் மறு கையால் பிடித்திருந்த கயிற்றை விடவில்லை. உடம்புப் பாரம் கயிற்றில் தொங்கியது. அதனால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் சரியச் சரிய அடித்தது. அதைக் கேட்டு எங்கள் தெருவில் மிச்சம் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள்.

கனகமணி அவர் மேல் விழுந்தாள். அவளை யாரும் வெட்டவில்லை. எங்கள் தெருவில் பிறந்த பெண். அந்த அளவுக்கு நாங்கள் நிதானத்தில்தான் இருந்தோம். மிளகாய்ப் பொடி மட்டும் பட்டது.

மேலத்தெருக்காரர்கள் அப்போதுதான் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது ஜெப மணி. மெதுவாக வந்தார்கள். குளித்து, தலை சீவி, வெள்ளை வேட்டி கட்டி, கையில் வேதப்புத்தகம். வாசலைத் தாண்டின பிறகுதான் பார்த்தார்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டே அடி வாங்கினார்கள். புத்தகம் வைத்திருந்தால் மட்டும் போதுமா? உள்ளே கத்தியை வைத்திருந்தால்? ஒருத்தர் வேதப்புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு என் பக்கமாக ஓடிவந்தார். நான் தடுத்தேன். அவருக்குப் பல் போனது விழுந்ததால், கம்பால் அல்ல. முன்னும் பின்னுமாக மொத்தம் எத்தனை பேருக்கு அடி என்று போலீஸ்தான் கணக்கு எடுத்தது. சாவு ஒன்றுதான்.

மச்சான் அதற்குள் அடங்கிவிட்டிருந்தார். கயிற்றை விரல் விரலாகப் பிரித்து எடுத்தது போலீஸ்காரர்.

வழக்கு நடந்தது. கனகமணி சாட்சிக் கூண்டில் ஏறி, "உங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டேன், அவன் தெருவுல சொல்லிருவான்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அதுக்கப்புறந்தான் மணி அடிச்சாரு" என்றாள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் வந்தது உண்மைதானா என்றார்கள். உண்மைதான் என்றேன். என்ன சொன்னார்? சுகம் விசாரித்தார். வேறே? வேறொன்றும் இல்லை. கனகமணி எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய்ப் பொடியில் ஒரு கண் அப்போதும் சிவந்தே இருந்தது. இன்ஸ்பெக்டர் தான் எந்த அனுமதியும் கொடுக்கவில்லை என்றார். அவருக்கும் வேலை முக்கியம். திடீரென்று மணி அடித்ததால் கோயிலைக் காப்பாற்ற ஓடினோம், கூட்டத்தில் யார் வெட்டினார்கள் என்று தெரியாது என்று எங்கள் வக்கீல் வாதாடினார். எல்லாரையும் விட்டுவிட்டார்கள். ஜெயசிங் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தெருவுக்காரன்வே" என்றார். ஆல்பர்ட் அதற்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. கோர்ட்டிலிருந்து ஊருக்குத் திரும்பின வேனில் எனக்கு முன்சீட்டு கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஞானப்பூ கேட்டாள். சாப்பாட்டை வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எங்க அண்ணன் உம்மகிட்ட என்ன சொன்னாரு?"

"கோர்ட்டுல சொன்னதுதான்."

"சுகம் விசாரிக்கவா முள்ளுக்குள்ள வந்தாரு?"

"ஆமா."

அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை. கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கால் பிடித்தாள். ஆறு மணி ஆனால் மட்டும் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்பாள். முன்னால் வாய்க்குள் ஜெபிப்பவள், அண்ணன் போன பிறகு சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தாள். தெருவுக்கே கேட்கும். இரண்டு தெருவுக்காகவும் ஜெபிப்பாள். ஜெயசிங் பேரைச் சொல்லுவாள். ஆல்பர்ட் பேரைச் சொல்லுவாள், அவன் பிள்ளைகள் பேரையும். முதலில் ஆட்கள் வேலியோரம் வந்து நின்று கேட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. ஆல்பர்ட் மட்டும் அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டு வழியாக வரமாட்டான், குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு போவான்.

கடைசியில் எனக்காக ஒரு வரி. எந்த நாளும் அதே வரிதான். "ஆண்டவரே, இவரு வாயத் தொறந்தருளும்."

நான் அதிகம் பேசாதவன் என்று சொன்னேன் அல்லவா. கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்கு அது ஒரு குறை. பெண்களுக்கு வீட்டில் நாலு வார்த்தை பேசினால்தான் திருப்தி. அதற்காக ஆண்டவரிடம் தினமும் போய்க் கேட்பார்களா? அவள் கேட்டாள். கிறிஸ்துமஸ் என்று விடவில்லை, காய்ச்சல் என்று விடவில்லை. படுத்த படுக்கையான பிறகு என்னைக் கூப்பிட்டுக் கட்டிலைக் கோயில் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டேன். சத்தம் எழும்பவில்லை, உதடு மட்டும் அசையும். அந்த வரி வரும்போது என்னைப் பார்ப்பாள். எனக்குச் சங்கடமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். மழை வரும்போல இருக்கிறது, மாடு கன்று போட்டிருக்கிறது, இப்படி. பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைப்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஜெபத்தோடேயே போய்விட்டாள்.

இந்தப் பகையெல்லாம் இப்போது தீர்ந்துவிட்டது. ஜெயசிங் இறந்துவிட்டார். ஆல்பர்ட் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டான். புதிதாக வந்த குருவானவர் இரண்டு தெருவையும் உட்கார வைத்துப் பேசி அரக்கை உடைத்தார். மேலத்தெருக்காரர்கள் அந்தக் கல்லைப் பதித்தார்கள். நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. நட்சத்திரம் இப்போது ஒன்றுதான், கடையில் வாங்குவது. எல்லா நாளும் கோயில் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது, பண்டிகைக்கு வெளியே பந்தல் போட்டுத்தான் சமாளிக்கிறோம். அதற்குத்தானே உங்கள் ஒலிபெருக்கி.

ஞானப்பூ போன பிறகு ஆறு மணிக்கு வீட்டில் சத்தம் இல்லை. அந்த அமைதி எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் சாயங்கால ஜெபத்துக்கு இங்கே வர ஆரம்பித்தேன். வந்தால் கனகமணி ஏற்கனவே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் எத்தனை வருஷமாக வருகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. வார நாளில் குருவானவர் வரமாட்டார், அவருக்கு ஏழெட்டு ஊர். அதனால் நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பேன். சபை சொல்ல வேண்டிய மறுமொழியை அவள் சொல்லுவாள். நல்ல குரல். எங்களுக்குள் வேறே பேச்சு கிடையாது. முடிந்ததும் அவள் மேற்கே போவாள், நான் கிழக்கே போவேன்.

எல்லாவற்றுக்கும் மறுமொழி சொல்லுகிறவள், பாவ அறிக்கையை நான் வாசித்து முடித்ததும் மட்டும் ஆமென் சொல்ல மாட்டாள். நான் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். அப்புறம் நானே சொல்லிக்கொண்டு அடுத்த பக்கம் திருப்புவேன். அவளுக்கும் வயசாகிவிட்டது. காது மந்தமாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் இந்தக் கோயிலுக்கு வருவது நாங்கள் இரண்டு பேர்தான்.